கிறிஸ்துமஸ் குடிலுக்கு நிஜ மரம் எது வாங்கலாம்? பண்டிகை முடிந்ததும் அதை என்ன செய்வது?

கெடிலக்கரைக்காரி | கடலூர் | டிசம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் மரம் இந்த வருஷம் கையை விரித்துவிட்டது. ஒன்பது வருஷம் உழைத்தது, குறை சொல்ல முடியாது. பரணிலிருந்து இறக்கினால் பச்சைத் தூளாகக் கொட்டுகிறது, அடி மூட்டு நிற்க மாட்டேன் என்கிறது, போதாததற்கு எலி வேறு உள்ளே குடும்பம் நடத்தியிருக்கிறது.

சின்னவள் நிஜ மரம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நான் அவள் வயதில் இருந்தபோது அப்பா சைக்கிள் கேரியரில் ஒரு சவுக்கு நுனியைக் கட்டி எடுத்து வருவார். அதன் வால் தெருவில் சரசரவென்று இழுபடும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவோம். எங்கே வெட்டினார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது நர்சரியில் விசாரித்தால் தொட்டியில் மூன்றடிக்கு ஒரு செடியைக் காட்டி 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்கிறார்கள். விலை ஆயிரத்துக்கு மேல்.

வாடகை வீடு, முதல் மாடி, கிழக்கு பார்த்த சின்ன பால்கனி. எதை வாங்குவது, எத்தனை நாள் தாங்கும், மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்ததும் மரத்தை எங்கே போடுவது? குப்பையில் வீச மனசு வராது என்று இப்போதே தெரிகிறது.

மொட்டைமாடித்தோட்டம் | புதுச்சேரி, லாஸ்பேட்டை | டிசம்பர் 9

அக்கா, உங்களுக்குக் காட்டியது அரௌகேரியாவாக இருக்கும். அடுக்கடுக்காகக் கிளைகள் வட்டமாக விரிந்து, பார்த்ததும் பிடித்துப்போகும். இந்தியாவில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பதில் பெரும்பாலானவை குக் பைன் என்ற வகை. பெயரில்தான் பைன், குடும்பம் வேறு. சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா. அது இன்றைக்கும் பிரான்சோடு இருக்கிற தீவு என்பதால் பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இது தூரத்துச் சொந்தம் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. கடல் காற்றும் உப்பும் இதை ஒன்றும் செய்யாது.

இன்னொரு வேடிக்கை. உலகத்தில் எங்கே நட்டாலும் இது பூமத்திய ரேகைப் பக்கமாகச் சாயும் என்று 2017-இல் ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து எழுதினார்கள். நம் ஊரில் நட்டால் தெற்கே சாயும். உங்கள் மரம் சாய்ந்தால் தொட்டியைக் குறை சொல்லாதீர்கள்.

வாங்கும்போது முதலில் உச்சியைப் பாருங்கள். நடுத்தண்டின் நுனிக்குருத்து முறியாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுத்து அடி அடுக்கு. கீழ்க்கிளை ஒருமுறை உதிர்ந்தால் தொட்டியில் அந்த இடம் மறுபடி நிரம்புவது அபூர்வம். தொட்டிக்கு அடியில் ஓட்டை வழியாக வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் வேறு கன்று கேளுங்கள்.

நான் ஏமாந்த கதையையும் கேளுங்கள். ஒரு இடத்தில் பாதி விலைக்குத் தந்தார்கள் என்று வாங்கி வந்தேன். இரண்டு வருஷம் ஆகியும் நிமிரவே இல்லை, பக்கவாட்டிலேயே நீண்டுகொண்டு போனது. அப்புறம்தான் தெரிந்தது, பக்கக்கிளையை ஒடித்து வேர்பிடிக்க வைத்த கன்று. அரௌகேரியாவில் பக்கக்கிளையை நட்டால் அது காலத்துக்கும் பக்கக்கிளையாகவே வளருமாம். அம்மா அதற்கு அனந்தசயனம் என்று பெயர் வைத்துவிட்டாள். இன்னும் மாடியில் படுத்திருக்கிறது.

சவுக்குத்தோப்பு | புதுச்சத்திரம் பக்கம் | டிசம்பர் 10

தங்கச்சி, அப்பா கொண்டுவந்த மரத்தையே நீங்களும் கொண்டு வரலாமே? நாங்கள் சவுக்கு போடுகிற குடும்பம், அதனால் சொல்கிறேன்.

நட்டு மூன்று நான்கு வருஷத்தில் வெட்டுக்கு வரும். அடிமரத்தைப் பட்டை உரித்துக் காகித ஆலைக்கு டன் கணக்கில் ஏற்றுவோம். நல்ல நீளமான கழி பந்தலுக்கும் சாரத்துக்கும் போகும். கடைசியில் மிஞ்சுவது நுனியும், மிளாறு என்கிற சின்னக் கிளைக் குச்சிகளும். அதைக் கட்டுக்கட்டாகக் கட்டி விறகுக்குக் கொடுப்போம், பாதி தோப்பிலேயே கிடந்து மக்கும். நீங்கள் கிறிஸ்துமஸ் மரம் என்று தேடுவது அந்த நுனியைத்தான். எங்களுக்கு அது மிச்சம்.

ஆனால் ஒன்று. நிற்கிற இளமரத்தின் உச்சியை மட்டும் வெட்டித் தரச்சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள். உச்சி போனால் அங்கிருந்து இரண்டு மூன்று கவையாகப் பிரியும், அப்புறம் அது கழிக்கு ஆகாது. டிசம்பரில் பையன்கள் கத்தியோடு வந்துவிட்டுப் போன தோப்பைப் பார்த்தால் வயிறு எரியும். மழையில் லாரி இறங்காது, அதனால் வெட்டு மந்தம்தான். ஆனாலும் மேட்டு நிலத்தில் எங்காவது நடந்துகொண்டிருக்கும். வெட்டு நடக்கிற தோப்பாகப் பார்த்துப் போங்கள்.

நடுத்தோப்பு மரத்தின் நுனி சோனியாக இருக்கும். வரப்போரத்து மரத்துக்கு நாலு பக்கமும் வெளிச்சம் கிடைப்பதால் கிளை அடர்த்தியாக இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

அலைவாய் | கடலூர், கடற்கரைக் கிராமம் | டிசம்பர் 10

அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் வனத்துறை வைத்த சவுக்கில் யாரும் கை வைக்காதீர்கள். 'ஒரு கிளைதானே' என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் மாமா வீட்டில் குடில் இன்னும் பிரிக்கவில்லை. அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத வரவில்லை. சுனாமிக்குப் பிறகு நம் கடலூர் மாவட்டத்தில் அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் முன்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆராய்ந்து 2005-இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். எங்களுக்கு அதைச் சொல்ல வெளிநாட்டு இதழ் வேண்டியதில்லை, தோப்புக்குப் பின்னால் இருந்தவர்களைக் கேட்டால் போதும். ஆனாலும் அச்சில் வந்தது நல்லது.

கெடிலக்கரைக்காரி | டிசம்பர் 10

படித்துவிட்டு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பா எங்கே வெட்டியிருப்பார் என்று இப்போது புரிகிறது. அரை மணி நேரத்தில் போய்வந்துவிடுவார், வேறு எங்கே இருக்கும்? அவர் இல்லை, கேட்கவும் முடியாது.

சரி. வெட்டு நடக்கிற தோப்பு எது என்று எனக்கு எப்படித் தெரியும்? சவுக்குத்தோப்பு அண்ணா, வழி சொல்ல முடியுமா?

கறார் | புதுச்சேரி | டிசம்பர் 11

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பத்து நாள் ஜிகினா கட்டிப் பார்க்க ஒரு மரமா? இன்னொரு பிளாஸ்டிக் மரம் வாங்கி இன்னும் ஒன்பது வருஷம் ஓட்டினால் யாருக்கும் தொல்லை இல்லை. மரம் வெட்டுவதைப் பசுமை என்று சொல்கிற ஒரே இடம் இந்த இழைதான்.

சவுக்குத்தோப்பு | டிசம்பர் 11

ஐயா, நீங்கள் எழுதுகிற தாளுக்கு வெட்டிய மரத்தின் மிச்சம் அது. உங்களுக்காகத் தனியாக வெட்டவில்லை.

பாரீஸ்_புதுவை | பிரான்ஸ் | டிசம்பர் 11

கறார் அண்ணன் கேட்பதும் நியாயமான கேள்விதான். இங்கே அதற்குக் கணக்கே போட்டிருக்கிறார்கள். பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பு சொல்வது: ஆறரை அடி பிளாஸ்டிக் மரம் ஒன்று சுமார் 40 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதே உயரத்து நிஜ மரத்தைக் குப்பைமேட்டில் போட்டால் 16 கிலோ. எரித்தாலோ, அரைத்து மண்ணில் பரப்பினாலோ மூன்றரை கிலோதான். குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருவதுதான் அந்த வித்தியாசத்துக்குக் காரணம். ஆக, மரத்தை எங்கே வாங்கினோம் என்பதைவிட எங்கே போட்டோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்தக் கணக்கின்படி பிளாஸ்டிக் மரம் பன்னிரண்டு வருஷம் ஓடினால்தான், ஒழுங்காக அரைத்த நிஜ மரத்தை ஜெயிக்கும். அக்காவின் மரம் ஒன்பதில் விழுந்துவிட்டது, ஆனாலும் மோசமில்லை. அது ஊசியிலை மரத்துக்குப் போட்ட கணக்கு, சவுக்குக்கு அப்படியே பொருந்தாது. நுனி வேறு மிச்சம் என்கிறபோது இன்னும் குறையத்தான் செய்யும்.

இங்கே நடப்பதையும் சொல்கிறேன். கடையில் முக்கியமாக இரண்டு வகை. எப்பிசெயா விலை குறைவு, வீடு முழுக்க வாசம், ஆனால் பத்து நாளில் ஊசி கொட்ட ஆரம்பிக்கும். நோர்ட்மான் வாசமில்லாதது, விலை கூட, ஊசி கடைசிவரை நிற்கும். அதன் விதை பெரும்பாலும் ஜார்ஜியா நாட்டு மலைகளிலிருந்து வருகிறது. ஆறடி மரம் என்றால் எட்டுப் பத்து வருஷம் தோட்டத்தில் வளர்ந்தது. கிளையைக் கையால் உருவிப் பார்த்து, ஊசி கையோடு வந்தால் அந்த மரத்தை விட்டுவிடுவோம். வீட்டுக்கு வந்ததும் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் புதிதாக அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசின் அடைத்துத் தண்ணீர் ஏறாது. முதல் நாள் அது குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் மாடு குடிப்பது போல இருக்கும்.

பண்டிகை முடிந்ததும் பாரீசில் பூங்காக்களில் அடைப்பு கட்டி மரங்களை வாங்கிக்கொள்கிறார்கள். ஜனவரியில் நடைபாதை பூராவும் ஊசி, ஆளாளுக்கு ஒரு மரத்தை இழுத்துக்கொண்டு போவார்கள். அதை மெஷினில் அரைத்துச் செடிகளுக்கு அடியில் மூடாக்காகப் போடுகிறார்கள். ஆனால் ஜிகினாவோடு வந்தாலோ, வெள்ளைப் பனி அடித்த மரமாக இருந்தாலோ வாங்க மாட்டார்கள்.

என் அப்பா இந்த மரத்தைப் பார்த்து ஒவ்வொரு வருஷமும் 'சவுக்கு மாதிரி ஆடவில்லையே' என்பார்.

முதுநகர்ப்பாட்டி | கடலூர் | டிசம்பர் 12

பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன். சவுக்கு வீட்டுக்கு வந்ததும் உள்ளே கொண்டுபோகாதே. வாசலில் வைத்து நாலு உதறு உதறு, எறும்பு இருக்கும். ஒரு வருஷம் குழந்தை ஏசு சொரூபம் மேலெல்லாம் எறும்பு ஊர்ந்தது.

பெயின்ட் வாளியில் அரை செங்கல்லைப் போட்டு, மரத்தை நிறுத்தி, சுற்றி மணலைக் கொட்டி, நன்றாக நனைத்துவிடு. வெறும் தண்ணீர் வைத்தால் கொசு முட்டை போடும், ஈரமணல் போதும். தினம் ஒரு சொம்பு ஊற்று. ஒரு நுனி ஒல்லியாகத் தெரிந்தால் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டு, யாருக்கும் தெரியாது. கனமான மணியெல்லாம் தொங்கவிடாதே, சவுக்குக் கிளைக்கு அந்தத் தெம்பு இல்லை. குடிலுக்குப் புல் வேண்டுமென்றால் இன்றைக்கே கேழ்வரகைத் தட்டில் தூவு.

தானே புயல் வந்ததே, 2011 டிசம்பர் 30. ஐந்து நாள் முன்னால் அழகாக நின்ற மரம், புயல் அடித்த மறுநாள் அடுப்பில் எரிந்தது. கரண்டு இல்லை, கடை இல்லை, சிலிண்டர் தீர்ந்துபோச்சு. ஊரிலிருந்த பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்தன, எல்லாம் ஈரம். வீட்டுக்குள் காய்ந்திருந்தது அது ஒன்றுதான். கஞ்சி வைத்துக் குடித்தோம்.

வயர்மேன் | புதுச்சேரி, வில்லியனூர் | டிசம்பர் 12

பாட்டி சொன்னதையே என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சவுக்கு பச்சையாக இருக்கும்போதே எரிகிற விறகு. காய்ந்த நுனி என்றால் கேட்கவே வேண்டாம், ஒரு தீக்குச்சிக்குத் தாங்காது. பழைய சீரியல் செட்டில் இருக்கும் குண்டு பல்பு சூடாகும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்இடி வாங்குங்கள். ஒயரில் ஒட்டுப்போட்ட இடம் இருந்தால் அது மரத்துக்கு வெளியே வரும்படி சுற்றுங்கள். பனிக்காகப் பஞ்சு வேண்டாம், குடிலுக்குள் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. பூசைக்குக் கிளம்பும்போது எல்லோரும் அவசரத்தில் லைட்டை எரியவிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மரத்தை வாசல் கதவை மறித்து வைக்காதீர்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்ததால் சொல்கிறேன்.

கெடிலக்கரைக்காரி | டிசம்பர் 20

வாங்கியாச்சு! அண்ணா தனிச்செய்தியில் அனுப்பிய வழியில் போனோம். கடைசி அரை கிலோமீட்டர் சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம்.

வெட்டி முடிந்த தோப்பை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு பக்கம் மரங்கள் நிற்கின்றன, காற்று வந்தால் கடல் போல இரைச்சல். இன்னொரு பக்கம் மொட்டைக் கட்டைகள், உரித்த பட்டை செக்கச்செவேலென்று கிடக்கிறது. நடுவில் நாலு பெண்கள் மிளாறு கட்டிக்கொண்டிருந்தார்கள். வரப்போர மரம் என்று நான் கேட்டதும் ஓர் அம்மா சிரித்துவிட்டு, 'விவரமாத்தான் வந்திருக்கே' என்று குவியலில் தேடி ஆறடி நுனி ஒன்றை உருவினார். நூறு ரூபாய் கொடுத்தேன். வேண்டாம் என்றார், அப்புறம் வாங்கிக்கொண்டார்.

அவர் என் சின்னவளுக்கு ஒரு வித்தை காட்டினார். எனக்கும் தெரிந்த வித்தைதான், மறந்தே போயிருந்தேன். சவுக்கு ஊசி ஒன்றை எடுத்துக் கணுவில் இழுத்தால் சின்னதாக ஒரு சொடுக்கோடு கழன்று வரும். அதை அப்படியே திரும்பச் செருகி, எந்த இடத்தில் பிரித்தேன் சொல் என்று கேட்க வேண்டும். இவள் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு வந்தாள், அவரும் தோற்றார். (மரம் டிரைவருக்குப் பின்னால் படுத்துக்கொண்டு வந்தது. அதற்கும் ஒரு டிக்கெட் போட்டார்கள்.)

மொட்டைமாடித்தோட்டம் | டிசம்பர் 20

அந்தக் கணு விளையாட்டு எங்கள் பள்ளிக்கூடத்திலும் உண்டு. உண்மையில் நாம் ஊசி என்று சொல்வது இலையே இல்லை, மெல்லிய பச்சைக் குச்சி. அந்தக் கணுவைச் சுற்றி மீசை மாதிரி துளித்துளியாகத் தெரிகிறதே, அதுதான் இலை. பைன் மாதிரி இருக்கிறதே தவிர சவுக்கு பூக்கிற மரம். மரம் புதுசா என்று பார்க்கவும் இதே வித்தைதான். பச்சையாக இருந்தால் கணுவில் சுத்தமாகக் கழலும், காய்ந்துவிட்டால் கண்ட இடத்தில் நொறுங்கும்.

கெடிலக்கரைக்காரி | ஜனவரி 7

குடிலைப் பிரித்தாகிவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. பாட்டி சொன்னதைக் கேட்காமல் சின்னவள் உச்சியில் பித்தளை மணியைக் கட்டினாள், மரம் குடில் மேல் சாய்ந்தது. ஓர் ஆட்டுக்குக் கால் போனது. அப்புறம் ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினோம். ஊருக்குப் போனதால் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு வாரம் பச்சையாக இருந்தது, புது வருஷத்துக்குப் பழுப்பு தட்டிவிட்டது. ஊசி கொட்டியது, ஆனால் பெருக்கினால் வந்துவிடுகிறது, பிளாஸ்டிக் தூள் மாதிரி பாயில் ஒட்டிக்கொள்ளவில்லை.

இப்போது வளாகத்தில் காய்ந்த மரம் நிற்கிறது. குப்பை வண்டியில் ஏற்ற நீளம் ஒத்துவராது. என்ன செய்யட்டும்?

கறார் | ஜனவரி 7

போகி வருகிறதே, கொளுத்திவிடுங்கள். பழையன கழிதல்.

வயர்மேன் | ஜனவரி 7

தெருவிலா? நெருக்கடியான தெருவில் காய்ந்த சவுக்கை முழுசாகக் கொளுத்தினால் ஆள் உயரத்துக்கு மேலே ஜுவாலை போகும். மேலே கேபிள், பக்கத்தில் வண்டி. வேண்டாம் ஐயா.

மொட்டைமாடித்தோட்டம் | ஜனவரி 8

அக்கா, உச்சி நாலடியை எனக்குத் தாருங்கள், நிஜமாகவே கேட்கிறேன். தைப் பட்டத்துக்குப் பாகல் போடப் போகிறேன். கிளையோடு இருக்கிற நுனியைத் தொட்டியில் அப்படியே ஊன்றிவிட்டால் கொடி பிடித்து ஏற அதைவிட நல்ல பந்தல் கிடையாது. நூலும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.

உதிர்ந்த ஊசியைத் தனியாகச் சேர்த்துவையுங்கள். அது சீக்கிரம் மக்காது, சவுக்குத் தோப்பில் வருஷக்கணக்கில் மெத்தை மாதிரி கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உரக்குழியில் மொத்தமாகக் கொட்டினால் அப்படியே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சமையல் கழிவோடு கலந்து சாணிக் கரைசல் தெளித்தால் போகும். அவசரமில்லை என்றால் பெரிய தொட்டிகளில் மேல்மூடாக்காகப் போடுங்கள், வெயில் காலத்தில் ஈரம் காயாது. சின்ன நாற்றுக்கு அடியில் மட்டும் போடாதீர்கள், முளைப்பைத் தடுக்கிறது.

சவுக்குத்தோப்பு | ஜனவரி 8

அடித்தண்டு எவ்வளவு கனம்?

கெடிலக்கரைக்காரி | ஜனவரி 8

என் மணிக்கட்டு அளவு.

சவுக்குத்தோப்பு | ஜனவரி 8

அப்படியென்றால் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, ஒவ்வொன்றையும் நாலாகப் பிளந்து, வெயிலில் நாலு நாள் போடுங்கள். பொங்கல் பானைக்கு அதைவிட நல்ல விறகு கிடையாது. புகை குறைவு, நின்று எரியும். கடைக்காரனிடம் காசு கொடுத்து வாங்குவதும் இதையேதான். பொடி மிளாறை அடுப்பு மூட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

முதுநகர்ப்பாட்டி | ஜனவரி 9

அதற்குமுன் ஜிகினா ஒரு இழைகூட இல்லாமல் எடு. எரிந்தால் நாறும், பொங்கலில் அந்த வாசம் ஏறும். சாம்பலை வைத்துக்கொள், பாத்திரம் துலக்கலாம், வாழைக்கும் போடலாம்.

பாரீஸ்_புதுவை | ஜனவரி 10

இங்கே நான் நேற்றுத்தான் எங்கள் மரத்தைப் பூங்காவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். இருட்டு, மூன்று டிகிரி, கையெல்லாம் பிசின். அப்பா இந்த இழையை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்துவிட்டு, பொங்கலுக்குப் படம் போடச் சொல்லுங்கள் என்கிறார்.

கெடிலக்கரைக்காரி | ஜனவரி 16

படம் எடுக்க மறந்துவிட்டேன், அப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

நறுக்கியது நானும் பெரியவனும். பிளந்தது கீழ்வீட்டு அண்ணன், எங்களுக்குக் கத்தி வசப்படவில்லை. பதினொரு துண்டு வந்தது. வீட்டுக்கார அம்மா மாடியில் பொங்கல் வைப்பார்கள், நாங்களும் வருஷா வருஷம் அவர்களோடு சேர்ந்துகொள்வோம். இந்த வருஷம் விறகு நம்முடையது என்று இவளுக்கு ஒரே பெருமை. மிளாறு பற்றியதும் சடசடவென்று சத்தம், நாங்கள் இரண்டடி பின்னால் போய்விட்டோம். அப்புறம் அடங்கி, நிதானமாக எரிந்தது. எட்டுத் துண்டிலேயே பால் பொங்கிவிட்டது. அத்தனை பார்த்துப் பொறுக்கியும் ஒரு துண்டின் கவையில் வெள்ளி ஜிகினா ஓர் அங்குலம் ஒட்டியிருந்ததை வீட்டுக்கார அம்மாதான் கண்டுபிடித்து, இடுக்கியால் எடுத்து வெளியே போட்டார்கள்.

மொட்டைமாடி தம்பி, உச்சியைச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் புதுவை வருகிறோம்.

மொட்டைமாடித்தோட்டம் | ஜனவரி 16

நன்றி அக்கா. பாகல் விதையை நேற்றே ஊறப்போட்டுவிட்டேன்.

சவுக்குத்தோப்பு | ஜனவரி 17

மீதி மூன்று துண்டை மழைக்கு நனையாமல் வையுங்கள் தங்கச்சி. இந்த டிசம்பருக்கு எங்கள் மேட்டு நிலம் வெட்டுக்கு வரும். வரப்போரத்தில் நல்ல நுனியாக ஒன்று நிற்கிறது. அடையாளத்துக்குக் கயிறு கட்டி வைக்கட்டுமா?

கெடிலக்கரைக்காரி | ஜனவரி 17

கட்டி வையுங்கள் அண்ணா. சிவப்புக் கயிறாம், சின்னவள் உத்தரவு. கூடவே இதையும் எழுதச் சொல்கிறாள்: போன மரத்தைவிட ஓரடி உயரமாக வேண்டுமாம். அதற்கு பஸ்ஸில் எத்தனை டிக்கெட் போடுவார்களோ தெரியவில்லை.